மரை நிற்காத இடம்

வேட்டைக்குப் போகிறவர் என் கணவர். எங்கே போவது, எந்தப் பக்கத்தால் ஏறுவது, எப்போது திரும்புவது என்று தலையைப் பிய்த்துக்கொள்கிறவள் நான். பகல் முழுக்க ஒரு சரக்குக் கம்பனியில் லொறிகளுக்குப் பாதை போட்டுக் கொடுத்துவிட்டு, மெல்பேர்ன் புறநகர் கிரெய்கிபர்னில் இருக்கிற வீட்டுக்கு வந்து குசினி மேசையில் இன்னொரு வரைபடத்தை விரிக்கிறேன். லொறியாவது ரோட்டில் போகும். இந்த மனிதர் எதில் போவார் என்று யாருக்குத் தெரியும்?

மெல்பேர்னிலிருந்து வடகிழக்காக ஓடினால் மலைகள் வரும். அங்கே அரசாங்கக் காட்டில், லைசென்ஸ் வைத்திருக்கிற எவரும் மான் சுடலாம். அங்கே நிற்பது பெரும்பாலும் கடமான். எங்கள் ஊர்ப்பக்கம், இலங்கையின் வன்னியில், நாங்கள் அதை மரை என்போம். அந்தக் காலத்தில் வெள்ளைக்காரர் இலங்கையிலிருந்தும் கப்பலில் கொண்டுவந்து விட்ட மரைகளின் வம்சமாம் இவை. "எங்களுக்கு முதலே விசா எடுத்து வந்ததுகள்" என்று என் கணவர் சொல்வார். சொந்தக்காரரைச் சுடுகிறோமே என்ற கவலை மட்டும் அவருக்கு வந்ததில்லை.

வரைபடம் என் கைக்கு வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. வன்னி தட்டையான மண். அங்கே ஒரு மைல் என்றால் ஒரு மைல்தான். கணவரின் வேட்டைக் கூட்டாளி மன்னார்க்காரர், கத்தோலிக்கர், மெல்பேர்னின் மறுபக்கம் டார்னெய்ட்டில் குடியிருந்து பஸ் ஓட்டுகிறவர். மன்னாரும் தட்டை. முதல் வருடம் இரண்டு பேருமாக வரைபடத்தில் விரலை வைத்து அளந்து, "ரெண்டு விரல் தூரம், அரை மணித்தியால நடை" என்று போனார்கள். அந்த இரண்டு விரலுக்குள் மலையின் உயரம் காட்டுகிற கோடுகள் முடிபோல நெருக்கமாகக் கிடந்ததை இருவருமே கவனிக்கவில்லை. கோடு நெருங்கினால் மலை செங்குத்து. கீழே பள்ளத்தில் நின்ற கொழுத்த மரையைச் சுட்டுவிட்டுச் சந்தோசப்பட்டிருக்கிறார்கள். பிறகு அதைத் துண்டு போட்டு, முதுகில் கட்டி, மேலே ரோட்டுக்கு ஏற்றும்போதுதான் மலை என்றால் என்னவென்று விளங்கியது. அதற்குப் பிறகு ஒரு கிழமை என் கணவர் மாடிப்படியில் பின்பக்கமாகத்தான் இறங்கினார்.

அன்றைக்கு நான் சட்டம் போட்டேன். ரோட்டுக்கு மேலே நிற்கிற மரையைச் சுடு. கீழே நிற்கிறதுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு வா. மரை எங்கே நிற்கும் என்பதைவிட, செத்த மரையை எங்கிருந்து தூக்கலாம் என்பதுதான் திட்டம். ஒவ்வொரு வருடமும் ரோட்டைச் சுற்றி ஒரு வட்டம் போடுவேன். அவர்களுக்கு வயது ஏற ஏற என் வட்டம் சுருங்கியது. இரண்டு பேரும் கவனிக்காத மாதிரி இருந்துகொண்டார்கள்.

இந்த வருடம் ஜனவரியில், இங்கத்தைக் கோடையில், அவருக்கு நெஞ்சு அடைத்தது. ஸ்டென்ட் வைத்தார்கள். தினமும் நடக்கச் சொன்னார் டொக்டர். மரைத் தொடையை முதுகில் கட்டிக்கொண்டு மலையேறலாமா என்று என் கணவர் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே. வேலையையும் விட்டாயிற்று. வீட்டில் இருந்து யன்னலைப் பார்ப்பதும், மாத்திரை போடுவதும், மறுபடி யன்னலைப் பார்ப்பதுமாக இருந்தவர், ஏப்ரலில் ஒரு நாள் நிமிர்ந்து உட்கார்ந்து கேட்டார்.

"இந்த முறை எங்கையப்பா போறம்? ஜூனிலை கேற் எல்லாம் பூட்டிப்போடுவாங்கள்."

ஜூனில் தொடங்குகிற குளிர்காலத்துக்கு மலைப்பாதைகளை மூடிவிடுவார்கள் என்பது உண்மை. ஆனால் எனக்குக் கண்ணுக்குள் தெரிந்தது வேறு: போன் எடுபடாத ஒரு சரிவு, அதில் இவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு குந்தியிருப்பது, பக்கத்தில் கூட்டாளி என்ன செய்வதென்று தெரியாமல் நிற்பது. போக வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. மாதக்கணக்கில் அவர் முகத்தில் வெளிச்சம் வந்தது அந்த ஒரு கேள்விக்குத்தான்.

வேட்டைக்குப் போகிற கதை அதற்குள் வெளியே போய்விட்டது. யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பார்கள். எங்கள் சனத்துக்கு யானையே வேண்டாம், மணி போதும். ஊரில் ஒரு ஆட்டை அடித்து நாலைந்து வீட்டுக்காரர் பங்கு போடுகிற பழக்கம் இருந்ததல்லவா, அதே மாதிரி இங்கேயும் முதலே பங்கு சொல்லி வைத்துவிடுவார்கள். மரை மலையில் மேய்ந்துகொண்டிருக்கும். இங்கே தொடை யாருக்கு, ஈரல் யாருக்கு என்று முடிவாகிவிடும். சிட்னி குவேக்கர்ஸ் ஹில்லில் இருக்கிற ஒரு அன்ரி போன் எடுத்து, "பிள்ளை, எனக்கு இறைச்சியாய் வேண்டாம், வத்தல் போட்டு அனுப்பு" என்றா. "ஓம் அன்ரி" என்றேன். என் கணவரின் நெஞ்சு எப்படி என்று ஒருவரும் கேட்கவில்லை என்று எரிச்சல் வந்தது. கேட்டிருந்தால் அதற்கும் எரிச்சல்தான் வந்திருக்கும்.

கூட்டாளிக்குப் போன் எடுத்தேன்.

"தம்பி, நீங்கள் சொன்னால் அவர் கேப்பார். இந்த முறை ஏலாதெண்டு சொல்லுங்கோவன்."

"அக்கா, நீங்கள் சொல்லுவியள் எண்டுதான் நான் வாயைத் திறக்கேல்லை. நான் சொன்னால், உனக்குப் பயமெண்டால் வீட்டிலை நில் எண்டுவார்."

ஆக, அதுவும் என் தலையில். எல்லாத் திட்டத்தையும் போடுகிறவள்தானே, இதையும் போடட்டும் என்று இருவரும் விட்டுவிட்டார்கள். எனக்கு அலுத்துவிட்டது. சொல்லத் துணிவில்லாததை வரைபடத்தில் செய்தேன்.

மலையடிவாரத்தில், ஆற்றோரமாக ஒரு தட்டையான இடம். காரை நிறுத்திவிட்டு இறங்கினால் புல்வெளி, கோடே இல்லை. அம்புலன்ஸ் வரக்கூடிய ரோட். சனி, ஞாயிறுகளில் கூடாரம் அடிக்கிறவர்களும், மோட்டார் சைக்கிள் ஓட்டுகிற பொடியளும், நாய்களும் நிறைந்திருக்கும். புத்தி சுகமில்லாத மரைதான் அங்கே வந்து நிற்கும். அதைச் சுற்றி வட்டம் போட்டேன். விடியக் காற்று எந்தப் பக்கம் இறங்கும், எந்த மரத்தடியில் காத்திருக்கலாம் என்றெல்லாம் வழக்கம்போல எழுதினேன். அவர் கேட்கப்போகிற ஒவ்வொரு கேள்விக்கும் பதில் தயார் பண்ணினேன். சண்டை வரும் என்று தெரியும். இரண்டு நாள் கதைக்காமல் இருப்பார், இருக்கட்டும் என்று மனதைத் திடப்படுத்திக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பிட்ட பிறகு, மேசையில் விரித்தேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து இருந்தார். இத்தனை வருடத்தில் அவரும் கோடு வாசிக்கப் பழகியிருந்தார். விரல் என் வட்டத்துக்குள் போனது. ஒரு சுற்று வந்தது. பிறகு வட்டத்தை விட்டு வெளியேறி, நெருங்கிய கோடுகள் வழியாக மெல்ல மேலே ஏறி, ஒரு முகட்டில் நின்றது. விரல் திரும்பக் கீழே இறங்கியது.

"இதிலை மரை நிக்காதே," என்றார்.

"ஏன் நிக்காது? தண்ணி இருக்கு, புல்லிருக்கு."

"ஆக்களுமெல்லோ இருக்கினம்."

அடுத்ததாக எதைக் கேட்பார் என்று காத்திருந்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"சரி, இதுக்கே போவம். மடக்கிற கதிரை ரெண்டையும் எடுத்து வையும்."

"துவக்கு? அது இல்லாமல் எதாலை சுடுறது?"

"அது என்னத்துக்கு? பாரம்."

எனக்கு அழுகை வரவில்லை, பொல்லாத கோபம் வந்தது. இதற்காகத்தானே இவ்வளவு பாடும் பட்டேன். "என்னப்பா நீங்கள்? ஒரு சொல்லுச் சொல்லாமல் ஓமெண்டுறியள்? மேலை போவம் எண்டு கேளுங்கோவன்! என்னோடை சண்டை பிடியுங்கோவன்!" என்று நான்தான் கத்தினேன்.

அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "களைச்சுப் போனனப்பா," என்றார்.

போர்க்காலத்தில் பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தபோதும், இங்கே வந்து இரண்டு வேலை செய்தபோதும் அந்தச் சொல் அவர் வாயில் வந்ததில்லை. டொக்டர் அவர் நெஞ்சின் படத்தைப் போட்டுக் காட்டியபோதும் நான் முழுதாக நம்பவில்லை. என் கணவர் ஒரு வருத்தக்காரர், நோயாளி என்பதை அன்றைக்கு அந்த மேசையில்தான் நம்பினேன்.