கடலைக் கேட்டறிந்த டாக்டரம்மா

ஏற்றுமதிக்குத் தயாரான டி-ஷர்ட்டுகளை மேசையில் விரித்துத் தையலைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது கைப்பேசி ஒலித்தது. கிளினிக் நர்ஸ் செல்வி. வழக்கமாக, "சாப்டீங்களாக்கா?" என்றுதான் தொடங்குவாள். அன்று அதைக் கேட்கவில்லை.

"டாக்டரம்மா போயிட்டாங்கக்கா. காலைல எழுப்பப் போனனுங்க, எந்திரிக்கலீங்க."

சுற்றிலும் இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருந்தன. யாரோ என்னிடம் ஏதோ கேட்டார்கள். வாய் அசைவது தெரிந்தது. சொல் வந்து சேரவில்லை. கையிலிருந்த துணியை மடித்தேன். பிரித்து மறுபடியும் மடித்தேன்.

பின்னலாடை தைக்கும் எங்கள் கொங்கு ஊரில், ராயபுரம் பகுதியில், டாக்டர் எஸ்தர் தங்கமணியை அறியாத வீடு குறைவு. காய்ச்சல், சர்க்கரை, பஞ்சுத் தூசியால் வரும் இருமல் என்று காலையிலிருந்து கூட்டம் இருக்கும். வடக்கேயிருந்து வந்த தொழிலாளர்களிடம் கொங்குத் தமிழும் இந்தியும் கலந்து அவர் பேசுவதைக் கேட்டு அவர்களே சிரித்துவிடுவார்கள். அதற்கு முன்பு அவர் நெடுங்காலம் கடலில் இருந்தவர் என்பது பலருக்குத் தெரியாது. மேற்குக் கடலில் எண்ணெய்க் குழாய் பதிக்கும் முக்குளிப்பவர்களை ஏற்றிச் சென்ற கப்பலில் அவர் மருத்துவராக இருந்தார்.

ஆழத்தில் மூச்சுவிடும்போது காற்றிலுள்ள நைட்ரஜன் அழுத்தத்தால் இரத்தத்திலும் சதையிலும் கரைந்துகொள்ளும். அவசரமாக மேலேறினால் அது குமிழிகளாக வெளிப்பட்டு மூட்டையும் நரம்பையும் தாக்கும். நீரிலிருந்து ஏறியவர்களின் நெஞ்சில் ஒலிக்கருவியை வைத்து, இரத்தம் ஓடும் ஓசைக்கு நடுவே அந்தக் குமிழிகள் கேட்கின்றனவா என்று பார்ப்பது அவருடைய அன்றாட வேலை.

"எப்படீங்க கேக்கும்?" என்று ஒருமுறை கேட்டேன்.

"காத்தடிக்கறப்ப தூரத்துல குருவி கத்துனாப்ல," என்றார். "ஆனா அத மட்டும் நம்பக் கூடாது கண்ணு. குமிழி கேட்டும் நல்லா இருக்கறவங்க உண்டு, கேக்காமயே விழுந்தவங்களும் உண்டு. ஆளத்தான் பாக்கோணும்."

வேலை போய்விடும் என்று வலியை மறைப்பவர்கள் அங்கே அதிகமாம். ஒருவர் சட்டைப் பொத்தானை ஒற்றைக் கையால் போடுவதைப் பார்த்தே அவருடைய தோளில் வலி இருப்பதைக் கண்டுபிடித்ததாகச் சொன்னார்.

எனக்கு அவர் நெருக்கமானது சில ஆண்டுகளுக்கு முன்புதான். அந்தமானுக்குப் போயிருந்தேன். நாள்தோறும் காற்று உருளையைச் சுமந்து கடலுக்கடியில் இறங்கினேன். கிளம்பும் நாள் காலையிலும் மனம் கேட்காமல் இறங்கிவிட்டு, அன்றே விமானம் ஏறினேன். மறுநாள் அலுவலகத்தில் இடது முழங்கை உள்ளுக்குள் குடைந்தது. இடுப்புக்கு மேலே ஊதா நிறத்தில் வரிவரியாகத் தோல் கன்றியிருந்தது.

"சாயம் ஒத்துக்கலீங்களாட்ட இருக்குது," என்றார் பக்கத்து மேசைக்காரர். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. களிம்பு வாங்கப் போவதுபோலத்தான் கிளினிக்குக்குப் போனேன்.

டாக்டரம்மா தோலைப் பார்க்கவில்லை. என் முகத்தையே பார்த்தார். கண்களைச் சுற்றி மங்கலான ஒரு வட்டம் இருந்ததாம்.

"இது முங்குறப்பப் போடற கண்ணாடித் தடமாச்சே. எந்தக் கடல்ல எறங்குன கண்ணு?"

எவ்வளவு ஆழம், எத்தனை முறை, எப்போது மேலே வந்தாய், எப்போது விமானம் ஏறினாய், சிறுநீர் சரியாகப் போகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். முழங்கையில் இரத்த அழுத்தப் பட்டையைச் சுற்றிக் காற்றடித்தார். பட்டை இறுக இறுக வலி அடங்கியது. எனக்கு ஆச்சரியம், அவர் முகம் இறுகிவிட்டது. அழுத்தினால் அடங்கும் வலி குமிழியின் வலி என்பது அவருக்குத் தெரியும். கைகளை நெஞ்சின் குறுக்கே வைத்து, ஒரு பாதத்துக்கு முன் மறு பாதத்தை ஒட்டி, கண்ணை மூடி நிற்கச் சொன்னார். தரை கப்பல்போல் சாய்ந்தது. செல்வி பிடித்துக்கொண்டாள். பிறகு என் இடது பாதத்தைப் பஞ்சால் தொட்டார்.

"எப்பத் தொடுவீங்க?" என்று கேட்டேன்.

"தொட்டுட்டுத்தான் இருக்கறேன் சாமி," என்றார் மெதுவாக.

அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. ஓடி வந்த என் கணவரிடம், குமிழிகளை அழுத்திக் கரைக்கும் அறை உள்ள மருத்துவமனைக்கு உடனே போக வேண்டும் என்றார் டாக்டரம்மா. கோவையிலிருந்து விமானத்தில் கொண்டுபோகலாமா என்று கணவர் கேட்டார்.

"மேல ஏறுறது இதுக்கு ஆகவே ஆகாதுங்க. குமிழி பெருசாகும். பாலக்காட்டுக் கணவாய் வழியா மலையேறாமத் தரையோட போயிரலாம்."

கேரளக் கடற்கரையில் அழுத்த அறை உள்ள மருத்துவமனைக்குத் தொலைபேசியில் சொன்னார். காத்திருந்த நோயாளிகளிடம் கைகூப்பிவிட்டு ஆம்புலன்சில் அவரும் ஏறிக்கொண்டார்.

அந்தப் பயணத்தை நான் கனவாகவே நினைவில் வைத்திருக்கிறேன். முகத்தில் ஆக்சிஜன் மூடி. சன்னலில் பனைமரங்கள் தலைகீழாகப் போயின. இருபுறமும் மலைகள் விலகி நின்று எங்களுக்கு வழிவிட்டன. அவர் என் பாதத்தின் மேல் உள்ளங்கையை வைத்திருந்தார். அது எனக்குத் தெரியவில்லை, பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

அழுத்த அறை இரும்பாலான ஒரு நீண்ட உருளை. காற்று ஏற ஏற உள்ளே வெப்பமானது. காது அடைத்துத் திறந்தது. கூட இருந்த உதவியாளரின் குரல் மெலிந்து வேறு யாருடையதோபோல் ஒலித்தது. உலர்ந்த கடலொன்றின் அடியில் படுத்திருந்தேன். வட்டக் கண்ணாடிக்கு வெளியே டாக்டரம்மாவின் முகம் அசையாமல் நின்றது. எவ்வளவு நேரம் கழித்தோ, பாதத்தில் ஏதோ குத்தியது. கம்பளியின் பிசிறு. அழுதேன். கண்ணாடிக்கு வெளியே அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

மேலும் சில முறை அந்த அறைக்குள் போய்வந்து, சில நாட்களில் ஊர் திரும்பினோம். காரில் வரும் வழியில்தான் அவர் கேட்டார்.

"கீழ என்ன கண்ணு இருந்துச்சு?"

எனக்குப் புரியவில்லை.

"நான் ஒரு தடவகூட எறங்குனதில்ல. சின்ன வயசுல காதுல ஆப்பரேசன். கப்பல்ல அத்தன பேரோட நெஞ்சுல காது வெச்சுக் கேட்டனே, ஒருத்தர்கிட்டயும் கீழ என்ன பாத்தீங்கன்னு கேக்கல. எங்க வலிக்குதுன்னு மட்டுந்தான் கேட்டேன்."

சொன்னேன். ஆழத்தில் சிவப்பு முதலில் மறைந்துபோவதை, மஞ்சள் மீன்கள் ஒன்றாகத் திரும்புவதை, ஒரு ஆமை என்னைப் பொருட்படுத்தாமல் கடந்துபோனதை. கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். ஒவ்வொன்றுக்கும் "அப்பறம்?" என்றார்.

பிறகு நடந்த சோதனையில் என் இதயச் சுவரில் சிறு துளை இருப்பது தெரிந்தது. பிறந்ததும் மூடிக்கொள்ள வேண்டியது பலருக்கு மூடாமலே இருந்துவிடுமாம். குமிழிகள் நுரையீரலில் தங்காமல் அந்தத் துளை வழியே நரம்புவரை போய்விடக்கூடும்.

"இனிக் கடலுக்கடியில போறது வேண்டாம் கண்ணு," என்றார். என்னைத் தேற்றவில்லை. "எனக்குந் தெரியும் அது எப்படி இருக்கும்னு," என்று மட்டும் சொன்னார்.

அதன்பின் ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வீட்டுக்குப் போவேன். எங்கள் இருவருக்கும் மறுக்கப்பட்ட ஓர் ஊரைப் பற்றிப் பேசுவதுபோல் கடலைப் பற்றிப் பேசுவோம். அவர் தாமாகவே சில மீன்களைச் சேர்த்துவிடுவார். நான் திருத்தியதில்லை.

அடக்கம் மாலையில் நடந்தது. மதிய ஷிப்ட் முடிந்து அப்படியே வந்தவர்களின் தலையில் பஞ்சு ஒட்டியிருந்தது. போதகர் செபித்து முடித்து, எல்லோரும் ஒரு பிடி மண் இட்ட பிறகு, நரைத்த தாடியோடு ஒருவர் முன்னால் வந்தார். தூத்துக்குடியிலிருந்து பஸ் ஏறி வந்ததாகச் சொன்னார்.

"அம்மாகூடக் கப்பல்ல இருந்தவம்மா. முங்குற வேலதான்," என்றார் என்னிடம்.

அவர் செபிக்கவில்லை. குழியைப் பார்த்துக் கையை நீட்டி, கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் வட்டமாகச் சேர்த்தார். நீருக்கடியில் பேச முடியாது. நலமா என்று கேட்பதும் அந்தக் குறிதான், நலம் என்று சொல்வதும் அதுதான். கேட்டவர் பதில் வரும்வரை கையை இறக்கக் கூடாது.

அவர் கையை இறக்காமல் நின்றுகொண்டிருந்தார். அங்கிருந்தவர்களில் அதற்குப் பொருள் தெரிந்தவள் நான் ஒருத்திதான். குழியின் மறுபக்கத்தில் நின்று, அவருக்கு என் கையை உயர்த்திக் காட்டினேன்.

போய் வாருங்கள், டாக்டரம்மா.