எட்டுப் பாகம் நீலம்

1. தட்டு

எங்கள் பேஷண்ட் சிலுவை விட்டெறிந்த பெயிண்ட் தட்டு என் தோளில் பட்டு, வெள்ளைக் கோட்டின் முன்பக்கம் முழுவதும் நீலமாக வழிந்தது. கட்டிலில் படுத்திருந்த அவர் முகத்தையும் தோளையும் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். இடுப்புக்குக் கீழே எதுவும் திரும்பவில்லை. கால்கள் இரண்டும் போட்டது போட்டபடி கிடந்தன.

"நீலம் கீலம்னு எங்கிட்ட வராதிய. என் காலை வாங்குனதே அதுதான்" என்றார் சுவரைப் பார்த்து.

நான் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட். சுருக்கமாக ஓ.டி. நோயாலோ விபத்தாலோ கை கால் முடங்கியவர்களைச் சாப்பிட, உடுத்த, உட்கார, வேலை பார்க்கத் திரும்பப் பழக்குவது எங்கள் தொழில். தூத்துக்குடியில் ஒரு மறுவாழ்வு மையத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றேன். புதிதாக வேலைக்கு வருகிற பிள்ளைகள் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "மேடம், பேஷண்டுக்கு என்ன ஆக்டிவிட்டி குடுக்கணும்?" அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அப்போது வாரத்துக்கு ஒரு நிறம் என்று வைத்திருந்தோம். அந்த வாரம் நீலம். 'நீலம்னா உங்களுக்கு என்ன?' என்று கேட்பேன். தோன்றியதை வரையலாம், ஒட்டலாம், சும்மா சொல்லவும் செய்யலாம். ஒரு அம்மாள் மாதாவின் மேலாடையை வரைந்தார். உப்பளத்தில் வேலை பார்த்த ஒருவர், பாத்தியில் தண்ணீர் நிற்கும்போது வானம் காலுக்குக் கீழே கிடப்பதைச் சொன்னார். கொற்கைப் பக்கத்து விவசாயி சுடலைமுத்து அண்ணாச்சிக்குப் பக்கவாதத்தில் வலது கை தளர்ந்திருந்தது. "வேட்டிக்குப் போடுத சொட்டு நீலம். வேற என்னத்தச் சொல்ல?" என்று சிரிக்க வைத்தார்.

அடுத்த கட்டில் சிலுவையுடையது. திரேஸ்புரத்துக்காரர், நாற்பதைத் தாண்டியவர், சங்கு குளிக்கிற தொழில். படகில் கம்ப்ரசர் ஓடும். அதிலிருந்து வருகிற குழாயை வாயில் கடித்துக்கொண்டு கடலடியில் சங்கு தேடுவார்கள். வெகுநேரம் ஆழத்தில் இருந்துவிட்டுச் சட்டென்று மேலே வந்தால் இரத்தத்தில் கரைந்திருக்கும் காற்று குமிழாகி நரம்பைத் தாக்கிவிடும். அவருக்கு அப்படித்தான் ஆனது. காலில் உணர்வு திரும்பவில்லை.

அவரிடமும் தட்டை நீட்டினேன். அது என் மேலேயே வந்து விழுந்தது.

2. வாழை

பெரிய டாக்டர் என் கோட்டைப் பார்த்தார்.

"என்னம்மா கிரேஸ், இது ஆஸ்பத்திரியா, பால்வாடியா?"

"கழுவினா போயிரும் சார்."

"கோட்டு போகட்டும். அந்த ஆளு உட்காரவே மாட்டேங்கான். பிசியோ போனா கண்ணை மூடிக்கிடுதான். முதுகுல புண்ணு வர ஆரம்பிச்சிட்டு. அது உள்ள இறங்கிச்சுன்னா காலு போனதோட நிக்காது, ஆளே போயிருவான். தெரியும்லா?"

தெரியும். படுக்கைப் புண்ணில் சீழ் பிடித்து இறந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். சிலுவையின் மனைவி லூர்துவுக்கும் தெரியும். தினமும் மீன் சந்தையிலிருந்து நேராக வந்து, அவரைப் புரட்டிப் போட்டு, பவுடர் தடவி, பேசிப் பார்த்துவிட்டுப் போவாள். "அவிய எங்கிட்டயே பேச மாட்டாவ டீச்சர். என்ன நடந்ததுன்னுகூட இன்னும் சொல்லல" என்பாள். நான் படம் வரையச் சொல்வதால் அவளுக்கு நான் டீச்சர்.

சிலுவையின் வாயைத் திறக்க வைத்தவர் சுடலைமுத்து அண்ணாச்சிதான். எதையும் யோசித்துச் செய்யவில்லை. சாப்பாட்டு வேளையில் சும்மா பேசிக்கொண்டிருந்தார்.

"ஏலே சிலுவை, எங்க ஊருல ஒரு காலத்துல கடல் கெடந்துச்சு தெரியுமா? முத்தெல்லாம் அங்கனதான் வந்து இறங்குமாம்."

அண்ணாச்சி இன்னொரு வாய் சோறு எடுத்துக்கொண்டார்.

"இப்ப கடல் எங்க இருக்கு? எங்கயோ இருக்கு. ஊர விட்டே போயிட்டு. நாங்க என்ன செத்தா போனோம்? வாழை போட்டோம்."

அப்போது சுவர்ப் பக்கத்திலிருந்து குரல் வந்தது. "தாறு எம்புட்டு எடை வரும்?"

அண்ணாச்சி இடது கையால் சோற்றைப் பிசைந்தபடியே எடை, உரம், காற்றடித்தால் முட்டுக் கொடுப்பது என்று பேசிக்கொண்டே போனார். நான் குறுக்கே போகவில்லை.

3. எந்த அவுரி

பெயிண்டை விட்டுவிட்டு உண்மையான நீலச் சாயம் காய்ச்சிப் பார்க்கலாம் என்று எனக்குத் தோன்றியது. கலக்குவது, முக்குவது, பிழிவது எல்லாமே கைக்குப் பயிற்சி. ஏரலில் ஒரு நாட்டு மருந்துக் கடைக்குப் போய் அவுரி கேட்டேன்.

"எந்த அவுரிம்மா? வயித்துக்கா, தலைக்கா, துணிக்கா?" என்றார் கடைக்கார அண்ணாச்சி.

நான் விழித்தேன். துணிக்கு என்றதும் அவரே விளக்கினார். பேதிக்குக் கொடுக்கிற இலையையும் எங்கள் பக்கம் அவுரி என்றுதான் சொல்வார்கள். தலைக்குத் தடவுகிற பொடி வேறு. துணிக்கு நீலி இலையை ஊற வைத்து எடுத்த கட்டி வேண்டும். "நல்லவேளை கேட்டிய. வயித்து அவுரியக் கொண்டுபோயிருந்தா ஆஸ்பத்திரியே கக்கூசுக்கு ஓடிருக்கும்" என்றவர், கட்டியை வரவழைத்துக் கொடுத்தார்.

கட்டியை அரைத்து, சுண்ணாம்பும் கருப்பட்டிப் பாகும் சேர்த்து, ஒரு டிரம்மில் வெந்நீரோடு கலக்கி மூடி வெயிலில் வைத்தோம். சில நாளில் மேலே செம்புத் தகடு போல ஓர் ஆடை படிந்தது. அதை விலக்கினால் உள்ளே தண்ணீர் மஞ்சளும் பச்சையுமாக இருந்தது. நீலம் துளிகூட இல்லை. கெட்டுப்போயிற்று என்றே நினைத்தேன். கடைக்காரருக்குப் போன் செய்தேன். "அப்படித்தாம்மா இருக்கணும். துணிய விட்டுப் பாருங்க" என்றார்.

4. பாகம்

துணி வந்தது. வெளுக்காத காடாத் துணி, அகலம் குறைவு, நீளம் அதிகம். வார்டில் வைத்து அதை மடித்துக்கொண்டிருந்தேன். சிலுவையின் கட்டிலைத் தலைப்பக்கம் உயர்த்தி, கால்களைக் கீழே தொங்கப்போட்டு, அவரைச் சாய்த்து உட்கார வைத்திருந்தார் பிசியோதெரபிஸ்ட். சிலுவை இரண்டு கையையும் மெத்தையில் அழுத்தமாக ஊன்றியிருந்தார். கையை எடுத்தால் சரிந்துவிடுவார். இடுப்புத் தசை பிடிக்காதவர்களுக்கு அதுதான் பெரிய பயம்.

"அது எதுக்கு?" என்றார்.

"நீலத்துல முக்கப் போறோம்" என்றேன். மறுபடி எதையாவது எறிவாரோ என்று கொஞ்சம் தள்ளியே நின்றேன்.

"முழுசும் ஒரே நீலமா?"

"ஏன் கேக்கிய?"

"கீழ போகப் போக ஒரே மாதிரியா இருக்கு?" என்றார். பிறகு அவராகவே சொல்ல ஆரம்பித்தார். மேலே பச்சை கலந்திருக்கும். கொஞ்சம் இறங்கினால் சிவப்பு முதலில் போய்விடும். "கீழ வச்சு சங்குல கை கிழிஞ்சா ரத்தம் செவப்பா வராது மேடம். கறுப்பா வரும். மொதத் தடவ பயந்தே போயிட்டேன்." இன்னும் இறங்கினால் எல்லாமே நீலம், கை, கயிறு, கூட வருகிறவன் முகம் எல்லாம். அதற்கும் கீழே, மேகம் போட்ட நாளில், அதை நீலம் என்று சொல்ல முடியாது. கறுப்பு என்றும் சொல்ல முடியாது.

வார்டே கேட்டுக்கொண்டிருந்தது.

"அப்போ அந்த மாதிரியே முக்குவோமா? எவ்வளவு ஆழம்?"

"எட்டுப் பாகம்."

இரண்டு கையையும் அகல விரித்தால் விரல் நுனிக்கு விரல் நுனி ஒரு பாகம். கடற்காரர்களுக்கு ஆழத்தின் அளவு அது. நான் என் கையை விரித்துத் துணியை அளந்தேன். அவர் முகம் சுளித்தார்.

"உங்க கை குட்டை. இங்க தாங்க."

துணியின் நுனியை வாங்கினார். ஒரு கையில் பிடித்து, மறு கையால் இழுத்து, இரண்டு கையையும் தோளுக்கு நேராக அகல விரித்தார். "ஒண்ணு." மடியில் போட்டுவிட்டு மறுபடி விரித்தார். "ரெண்டு."

அவர் கை இரண்டும் மெத்தையில் இல்லை. பின்னால் சாய்மானம் தொடவில்லை. அந்த மனிதர் கட்டில் விளிம்பில், எந்தப் பிடிமானமும் இல்லாமல், சிலுவை மரத்தில் விரிந்த கைகள் போல விரித்துக்கொண்டு நேராக உட்கார்ந்திருந்தார். எங்கள் பிசியோதெரபிஸ்ட் வாரக்கணக்கில் கெஞ்சியது இதற்காகத்தான். அவர் என்னைப் பார்த்தார். நான் வாயில் விரல் வைத்தேன். பிசியோதெரபிஸ்ட் மெல்ல நகர்ந்து சிலுவையின் முதுகுக்குப் பின்னால் போய், தொடாமல், பிடிப்பதற்குத் தயாராகக் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

பிடிக்க வேண்டி வரவில்லை. எட்டுப் பாகத்தையும் அளந்து முடித்துவிட்டு, சிலுவை "கத்தரி எங்க?" என்று கேட்டார்.

5. மெதுவாக

சக்கர நாற்காலியில் உட்கார மாட்டேன் என்று இருந்தவர், டிரம்முக்குப் பக்கத்தில் போக வேறு வழியில்லை என்பதால் உட்கார்ந்தார். முழங்கை வரை கையுறை மாட்டினோம். துணியின் ஒரு பகுதியை உள்ளே விட்டுக் காத்திருந்தார். சாயத்துக்குள் காற்றுப் புகுந்தால் அதன் வீரியம் போய்விடும் என்று படித்திருந்தேன். அதனால் சொன்னேன்:

"மெள்ள எடுங்க. வேகமா மேல இழுத்தா காத்து உள்ள போயி கெட்டுரும்."

அவர் கை அப்படியே நின்றது. டிரம்மையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்களுக்கும் இதத்தான் சொல்லுவாவ" என்றார். "மெள்ள ஏறு, நின்னு நின்னு ஏறு. எனக்குத் தெரியாம இல்ல மேடம். கம்ப்ரசர் நின்னுட்டு. கொழாய்ல காத்து இல்ல. ஏறிட்டேன்."

லூர்து அவருக்குப் பின்னால் நின்றிருந்தாள். அவள் அன்று சீக்கிரமே வந்திருந்தது அவருக்குத் தெரியாது. சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள்.

அவர் துணியை மெதுவாக, தண்ணீர் சலசலக்காமல் மேலே எடுத்தார். வந்தது இளம் பச்சைத் துணி. வாழைக்குருத்தின் நிறம். "என்னது, பச்சையாவுல்லா இருக்கு" என்றார் சுடலைமுத்து அண்ணாச்சி. அவர் சொல்லி வாய் மூடவில்லை, மடிப்பின் ஓரத்தில் நீலம் தோன்றியது. எங்கள் கண்ணெதிரே அது பரவியது. யாரும் எதுவும் செய்யவில்லை. காற்றுப் பட்ட இடமெல்லாம் பச்சை விலகி நீலமானது. வார்டு ஆயாவிலிருந்து பெரிய டாக்டர் வரை அங்கே நின்றிருந்த எல்லோரும் ஒரு துணியைப் பார்த்தபடி நின்றோம். அந்த டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டதைப் பார்த்தேன்.

"இன்னொரு தடவ விடுதேன்" என்றார் சிலுவை.

மேல்முனையை ஒரே தடவை முக்கினார். அடுத்த பாகத்தை இன்னொரு தடவை. கீழே போகப் போகத் தடவைகள் கூடின. பிழிகிற வேலை அண்ணாச்சியுடையது; தளர்ந்த வலது கையையும் சேர்த்துப் பிடித்துத்தான் பிழிய வேண்டும் என்று நான் நிபந்தனை போட்டிருந்தேன். நாட்கள் ஆயின. கடைசிப் பாகம் முடிந்தபோது அந்த நுனி எந்த நிறம் என்று எங்களுக்குள் சண்டை வந்தது. சிலுவை அதைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எங்கள் கட்டிடத்தில் மூன்று மாடிக்கும் நடுவே சக்கர நாற்காலி ஏறுவதற்கான சாய்தளம் சுற்றிச் சுற்றிப் போகும். அதன் நடுவில் மேலிருந்து கீழ் வரை வெற்றிடம். மொட்டை மாடிக் கைப்பிடியில் வெளிர் முனையைக் கட்டித் துணியைத் தொங்கவிட்டோம். போதும் போதும் என்கிற நீளத்துக்குக் கீழே இறங்கி, மிச்சம் தரையில் சுருண்டு கிடந்தது. மடக்கி வைக்கவா என்று கேட்டேன். "கெடக்கட்டும் மேடம். அதுதான் தரை" என்றார் சிலுவை. அவர் நாற்காலி அந்தக் கருநீலச் சுருளுக்குப் பக்கத்தில் இருந்தது.

லூர்து மொட்டை மாடியில், துணியைக் கட்டிய இடத்தில் நின்றாள். எட்டிக் கீழே பார்த்தாள். கல்யாணமான நாள் முதல் அவரைக் கரையில் நின்று கடலுக்கு அனுப்பியவள். ஒருநாளும் உள்ளே பார்த்ததில்லை.

"இம்புட்டு கீழயா போவிய?" அவள் குரல் சுவர்களில் பட்டுக் கீழே வந்தது.

"ஆமா."

"அங்கேருந்து என்ன தெரியும்?"

சிலுவை கழுத்தை வளைத்து மேலே பார்த்தார். "நீ நிக்க எடம் வெளிச்சமாத் தெரியும்" என்றார்.

அவள் சாய்தளத்தில் இறங்க ஆரம்பித்தாள். ஒவ்வொரு சுற்றிலும் கையை நீட்டித் துணியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, வெளிர் நீலத்திலிருந்து கருநீலம் வரை, நின்று நின்று இறங்கினாள். அவசரப்படவே இல்லை. கீழே வந்ததும் அவருடைய நாற்காலிக்குப் பக்கத்தில், தரையில் கிடந்த துணியின் மேலேயே உட்கார்ந்து, அசையாத முழங்காலில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். நாங்கள் ஒவ்வொருவராக வார்டுக்குத் திரும்பினோம்.

சிலுவைக்குக் கால் வரவில்லை. புண் ஆறியது. கட்டிலிலிருந்து நாற்காலிக்குத் தானே மாறப் பழகினார். இப்போது சங்கு சேர்த்து வைக்கிற ஒரு கிட்டங்கியில் உட்கார்ந்து தரம் பிரிக்கிறார். கம்ப்ரசரில் இறங்குகிற பையன்களைப் பிடித்து நிறுத்தி, மெள்ள ஏறச் சொல்லித் திட்டுவதாக லூர்து சொன்னாள்.

பேஷண்டுக்கு என்ன ஆக்டிவிட்டி கொடுப்பது என்று கேட்கிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். முதலில் அவர் எங்கே போய்வந்தவர் என்று கேளுங்கள். சொல்லத் தொடங்கும்வரை பக்கத்திலேயே இருங்கள். கையில் ஏதாவது வேலை வைத்துக்கொண்டு இருங்கள்.