பூஜையில் வைத்த கிட்டார்

நாற்பத்தொரு வயதில் கிட்டார் கற்றுக்கொள்ளக் கிளம்பியவளை ஊர் என்ன சொல்லும் என்று பயந்தேன். ஊர் ஒன்றும் சொல்லவில்லை, அதற்கு வேறு வேலை இருந்தது. சொன்னதெல்லாம் என் மாமியார்தான்.

ஏனாத்தூரில் ஒரு கல்லூரியில் லேப் அசிஸ்டென்ட் நான். அங்கே தற்காலிக வேலைக்கு வந்திருந்த கோயம்புத்தூர்ப் பெண் ஒருத்தி, என்னைவிடப் பதினைந்து வயது சின்னவள், மதிய இடைவேளையில் கிட்டார் வாசிப்பாள். கேட்டுக் கேட்டு எனக்கும் ஆசை வந்துவிட்டது. "சும்மா புடிச்சுப் பாருங்க்கா" என்று தன்னிடமிருந்த பழைய கிட்டாரைக் கொடுத்தவள், பிறகு திருப்பிக் கேட்கவே இல்லை.

முதல் மாதம் முழுக்க இடது கை விரல் நுனிகளில் கம்பி அறுத்த கோடுகள். புளி கரைத்தால் உயிர் போகும். கம்பிகளைச் சேர்த்து அழுத்தும் பிடிக்குக் கார்டு என்று பெயர்; ஜி கார்டிலிருந்து சி கார்டுக்கு மூன்று விரலையும் ஒரே நேரத்தில் தூக்கி வைக்க வேண்டும். என் மோதிர விரல் மட்டும் கல்யாணத்துக்குக் கடைசியாக வரும் சம்பந்தி மாதிரி ஆடி அசைந்து வந்து சேரும். அதற்குள் பாட்டு போயே போய்விடும். மூன்றே கார்டு உள்ள ஒரு பழைய பாட்டு அது. அதன் சரணத்தில் ஓரிடம் வந்தால் விரல் தடுக்கி நின்றுவிடுவேன், எட்டு மாதமாக.

பெரிய காஞ்சிபுரத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில் கணவரின் தறி, அதை ஒட்டி அத்தையின் ராட்டை. சாயங்காலம் தறிச் சத்தம் ஓய்ந்ததும் நான் ஆரம்பிப்பேன்.

"இன்னாம்மா இது, பொழுது சாஞ்சா டொய்ங் டொய்ங்குனு? இப்பதான் தறி நின்னு காது சும்மா இருக்குது, அதுக்குள்ள நீ ஆரம்பிச்சுட்ட!"

"உங்க சீரியல் மட்டும் அமைதியாவா ஓடிக்கினு இருக்குது?" என்று நானும் விடமாட்டேன்.

அந்த வருடம் அந்தக் கோயம்புத்தூர்ப் பெண்ணுக்குச் சொந்த ஊரிலேயே நிரந்தர வேலை கிடைத்தது. சரஸ்வதி பூஜையன்று சாயங்காலம் பஸ். "போறதுக்குள்ள ஒருக்கா நிக்காம முழுப் பாட்டும் வாசிச்சுக் காட்டணுமுங்க்கா" என்றாள். வாக்குக் கொடுத்துவிட்டேன். ஐந்து மணிக்கு வீட்டுக்கு வந்து கேட்டுவிட்டு அப்படியே கிளம்புவதாக ஏற்பாடு.

பூஜையன்று காலை சுண்டலைத் தாளித்துவிட்டுக் கூடத்துக்கு வந்தால், துடைத்துப் பொட்டு வைத்த தறிக்கு முன்னால் ஊடை நூல் ஓட்டும் நாடா, ராட்டை, மகளின் புத்தகங்கள், நடுவில் என் கிட்டார்! மரத்தின் மேல் மூன்று விரல் திருநீற்றுப் பட்டை. கம்பி முறுக்கும் ஆறு குமிழ்களுக்கும் ஆறு குங்குமப் பொட்டு. கம்பிகள் மேல் சந்தனம். அத்தை கற்பூரம் காட்டிக்கொண்டிருந்தார்.

எங்கள் வீட்டில் பூஜையில் வைத்ததை மறுநாள் மறுபூஜை முடியும்வரை யாரும் தொடக் கூடாது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சாயங்காலம் அவள் வருவது வீட்டில் எல்லாருக்கும் தெரியும். வேண்டுமென்றே செய்கிறாரா? கணவரைச் சமையலறைக்குள் இழுத்துப்போய்க் கேட்டேன்.

"எடுத்துக்கயேன். சாமி ஒன்னும் சொல்லாது. அம்மாதான் சொல்லும்" என்றார். பெரிய உதவி!

ஐந்து மணிக்குப் பெட்டியோடு வந்துவிட்டாள். அத்தை உள்ளே படுத்திருந்தார். எடுத்துவிடலாம் என்று கிட்டே போய்க் கையையும் நீட்டிவிட்டேன். அப்போதுதான் அந்தப் பொட்டுகளைச் சரியாகப் பார்த்தேன். ஆறும் ஒரே அளவு, ஒன்றுகூட வழியவில்லை. எட்டு மாதத்தில் அத்தை அதைத் தொட்டதே அன்றுதான். பெருக்கும்போதுகூட அதைச் சுற்றிக்கொண்டு போகிறவர், தறிக்குச் செய்ததையெல்லாம் அதற்கும் செய்திருந்தார். பாழாய்ப்போன மனசு, எடுக்க விடவில்லை.

"நாளைக்கு வாசிக்கட்டுமா?" என்றேன் அசட்டுத்தனமாக.

"நாளைக்கு நான் எங்கூர்ல இருப்பனுங்க்கா" என்று சிரித்தாள்.

பொரியும் சுண்டலும் கட்டிக் கொடுத்து பஸ் ஏற்றிவிட்டு, திரும்பி வரும்போது ஆட்டோவில் வெட்கமில்லாமல் அழுதேன். பிற்பாடு போனில் பதிவு செய்து அனுப்பத்தான் செய்தேன், கைதட்டும் படம் ஒன்று பதிலாக வந்தது. எதிரே உட்கார்ந்து கேட்பதுபோல் ஆகுமா?

மறுநாள் காலை மறுபூஜை. அன்று அவரவர் தொழிலைக் கொஞ்சமாவது தொட வேண்டும். கணவர் தறியில் உட்கார்ந்து நாலு முறை நாடாவை ஓட்டினார். மகள் ஒரு பக்கம் படித்தாள். அத்தை கிட்டாரை எடுத்து, கம்பிகளை முந்தானையால் துடைத்து, என் மடியில் வைத்தார்.

"வாசிம்மா."

கோபத்தோடுதான் ஆரம்பித்தேன். ஒட்டியிருந்த சந்தனத்தால் சத்தம் மந்தமாக வந்தது. சரணம் வந்தது, அந்த இடமும் வந்தது, விரல் தானாகப் போய் உட்கார்ந்தது. கடைசிவரை வாசித்துவிட்டேன்.

"இன்னிக்கு நிக்கலையே!" என்றார் அத்தை.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நான் எங்கே நிற்பேன் என்று இவருக்கு எப்படித் தெரியும்? சீரியல் பார்த்துக்கொண்டே எட்டு மாதமும் கேட்டிருக்கிறார்.

அவர் என் பக்கம் பார்க்காமல் முந்தானையை உதறினார். "அந்தப் பொண்ணுக்குனு வெச்சிருந்தத எனக்கு வாசிச்சுட்ட. வருத்தமாம்மா?"

"அதெல்லாம் ஒன்னும் இல்ல அத்தை" என்றேன். பொய்தான். என் முகமே சொல்லியிருக்கும்.

அத்தை தவறி இரண்டு வருடம் ஆகிறது. இப்போது கேட்டாலும் அதே பதிலைத்தான் சொல்வேன், பொய்யில்லாமல்.