பிழையிலேயே பழகிய பவளம்

உண்மையான பவள வளர்ப்பாளர் யார் என்று முன்பு யாராவது என்னிடம் கேட்டிருந்தால், வீட்டில் வேறு வேலை இல்லாதவர் என்று தயங்காமல் சொல்லியிருப்பேன். என் கணவரை மனத்தில் வைத்துத்தான். பகலெல்லாம், நாங்கள் புலம்பெயர்ந்து வந்த ஸ்காபரோவில், பஸ் ஓட்டுகிறவர் அவர். வீட்டுக்கு வந்ததும் ஒரு சப்பாத்தைக் கழற்றி, மற்றதைக் கழற்ற மறந்து, வரவேற்பறையில் இருக்கும் கடல்நீர்த் தொட்டிக்கு முன்னால் போய் நிற்பார். கறி ஆறும். நான் கூப்பிட்டுக் கூப்பிட்டு வாய் வலித்ததுதான் மிச்சம்.

தொட்டி வந்த புதிதில் எனக்கு அதைக் கண்ணிலும் காட்டக் கூடாது. பவளத்தை ஊரில் முருகைக்கல் என்போம்; எங்களுக்கு அது மதில் கட்டுகிற கல். அதற்கு விளக்குப் போட்டு, சூடு காட்டி, கண்ணாடிக்குள் வைத்துக் கொஞ்சுகிற மனிதரை நான் அதுவரை கண்டதில்லை. அது கல்லில்லை, உயிர் என்று அவர் விளக்கம் சொல்ல வந்தார். உயிரென்றால் ஒருநாளாவது அசையட்டும், பிறகு பார்க்கலாம் என்று சொல்லிவிட்டேன்.

அசைந்தது. ஒரு பின்னேரம் தொட்டிக்குப் பக்கத்தில் இருந்து உடுப்பு மடித்துக்கொண்டிருந்தேன். கை அகலத்துக்குக் கிளைத்து வளர்ந்திருந்த பச்சைப் பவளம் ஒன்றின் மேலெல்லாம் பொடிப்பொடியாக வாய்கள் திறந்திருந்தன. நத்தை ஒன்று ஊர்ந்துபோய் ஒரு கிளையை உரசியது. உரசிய இடத்து வாய்கள் மட்டும் உள்ளே போயின. மற்றவை எதுவும் நடக்காததுபோலத் திறந்தே இருந்தன. அப்படியென்றால் இது ஓர் உயிரா, ஆயிரம் உயிரா? பக்கத்து வாய்க்கு வந்த பயம் அடுத்த வாய்க்குத் தெரியாதா? மடித்த உடுப்பை மடியில் வைத்துக்கொண்டு யோசித்தேன். இரவுச் சாப்பாட்டின்போது அவரிடம் கேட்டேன். மனிதர் பூரித்துப்போய் விளக்கத் தொடங்க, அன்றைக்கு அவர் சோறும் ஆறியது, என் சோறும் ஆறியது.

அதன்பிறகு நான் கேள்வி கேட்பதை நிறுத்தவில்லை. தொட்டியில் நீர் குறைந்தால் ஏன் உப்புநீர் விடாமல் நல்ல தண்ணீர் விடுகிறீர்கள் என்று கேட்டேன். நீர்தான் ஆவியாகிறது, உப்பு உள்ளேயே நிற்கிறது என்றார். ரசம் வற்றினால் உப்புக் கரிக்கிற கதைதான். இவ்வளவு நாளும் குசினியில் நின்ற எனக்கு இது தோன்றவில்லையே என்று வெட்கமாக இருந்தது.

அந்தப் பச்சைப் பவளம் எங்களுக்கு வந்த கதையையும் சொல்ல வேண்டும். நகரத்தின் மறுகோடியில், பார்க்டேலில் ஓர் அண்ணை இருக்கிறார். மன்னார்க்காரர், எழுபதைத் தாண்டிய தனியாள். என் கணவருக்கு இந்தப் பைத்தியம் பிடிக்கச் செய்தவரே அவர்தான். அவருடைய தொட்டியில் இருந்த பெரிய பவளத்தில் நகத்தளவு துண்டு ஒன்றை நறுக்கி இவருக்குக் கொடுத்திருந்தார். பவளம் வளர்ப்பவர்களுக்குள் இது ஒரு வழக்கம். நன்றாக வளர்கிற எதையும் தன் வீட்டில் மட்டும் வைத்திருக்க மாட்டார்கள். இன்று என்னிடமிருந்து உனக்கு, நாளை என்னுடையது செத்தால் உன்னிடமிருந்து எனக்கு. திருப்பிக் கேட்டால் வாங்கியவர் மறுக்க முடியாது. அண்ணை பவளம் வளர்க்கத் தொடங்கிய காலத்தில் வாங்கியதையெல்லாம் சாகக் கொடுத்திருக்கிறார். இதுதான் அவர் கையில் சாகாமல் தங்கிய முதல் பவளம். அதை அவர் சொல்லும்போது, தலைப்பிள்ளையைப் பற்றிச் சொல்வதுபோல இருக்கும்.

ஒரு மாரிகாலத்தில் மழை விழுந்த இடத்திலேயே பனிக்கட்டியாக உறைந்து, அவருடைய பழைய கட்டடத்தில் மின்சாரம் நின்றது. தொட்டி குளிர்ந்து எல்லாம் செத்துவிட்டன. அவர் மனம் விடாமல் மறுபடியும் நீர் நிரப்பி, புதுத்தண்ணீர் உயிர் தாங்குமளவுக்குப் பழகட்டும் என்று மாதக்கணக்கில் காத்திருந்தார். பிறகு ஒருநாள் தொலைபேசியில் அழைத்து, ஞாயிறு பூசை முடிய வருகிறேன், பச்சையில் ஒரு துண்டு வேண்டும் என்றார். வேறு யாரிடமும் அது இப்போது இல்லை. எங்களிடம் இருந்ததுதான் கடைசி.

எங்கள் வீட்டில் பெண் பார்க்க வருகிற அமளி தொடங்கியது. இவர் கண்ணாடியைத் துடைத்தார், குழாயைக் கழுவினார். போதாதென்று உப்பை அளக்கப் புதுக்கருவி ஒன்றும் வாங்கி வந்தார். புதியது ஓர் அளவைக் காட்டியது, பழையது இன்னோர் அளவைக் காட்டியது. கடையில் கொண்டுபோய்ச் சோதித்தால் புதியதுதான் சரி. பழைய கருவி இத்தனை வருடமும் பொய் சொல்லியிருக்கிறது. எங்கள் தொட்டியில் இருக்க வேண்டியதைவிட உப்பு நன்றாகக் குறைவு.

குறைந்த உப்பில் இது எப்படி இவ்வளவு பெரிதாக வளர்ந்தது என்று கேட்டேன். அறிய ஆசைப்பட்டுத்தான் கேட்டேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. அண்ணை வந்து அளந்து பார்த்தால் என்ன நினைப்பார் என்ற கவலைதான் அவருக்கு. ஒரே நாளில் வாளி வாளியாக உப்பு நீர் கலந்து ஊற்றி அளவைச் சரியாக்கினார். கருவியில் சரியான எண்ணைப் பார்த்ததும், இனி யாரும் வந்து பார்க்கலாம் என்று சொல்லிச் சிரித்தார்.

சனிக்கிழமை காலை தேத்தண்ணீரோடு தொட்டிக்கு முன்னால் போனது நான்தான். பவளத்தின் ஒரு வாய்கூடத் திறந்திருக்கவில்லை. அடிப்பக்கத்தில், அவித்த உருளைக்கிழங்கின் தோல் உரிவதுபோலப் பச்சைத் தோல் உரிந்து, உள்ளே வெள்ளைக் கல் தெரிந்தது. மத்தியானத்துக்குள் அந்த வெள்ளை இன்னும் மேலே ஏறியிருந்தது. இவர் கதிரையைப் போட்டு அதற்கு முன்னால் இருந்தார். அண்ணையை வரவேண்டாம் என்று சொல்லப் போகிறேன் என்றார். நான் விடவில்லை. செத்த வீட்டுக்கும் ஆட்கள் வரத்தான் வேண்டும் என்றேன். சொன்ன பிறகுதான் அது எவ்வளவு கொடுமையான சொல் என்று தெரிந்தது.

ஞாயிறு பூசை முடிந்து அண்ணை வந்தார். கோட்டைக் கழற்றாமலே தொட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார். இவர் நடந்ததை எல்லாம் ஒளிக்காமல் சொன்னார்.

"முந்தி அளவு பிழை எண்டாலும், நாளுக்கு நாள் ஒரே அளவாத்தானே இருந்தது?" என்று அண்ணை கேட்டார்.

"ஓம் அண்ணை."

"பிறகேன் தம்பி தொட்டனீர்? அது பிழையிலயே பழகிப் போட்டுது."

ஏசியிருந்தால்கூட இவர் தாங்கியிருப்பார். அண்ணை ஏசவில்லை. அடியிலிருந்து அழிவு ஏறுகிறபடியால் உயிரோடு இருக்கும் நுனிகளை உடனே வெட்டிப் பிரித்துவிட வேண்டும் என்றார். இத்தனை வருடம் வளர்ந்த மரத்தைத் தறிக்கிற வேலை. இவருக்குக் கை வரவில்லை. அண்ணைதான் கத்தரித்தார். ஒவ்வொரு கிளை முறியும்போதும் அவர் உதட்டைக் கடித்ததை நான் கண்டேன். எந்தக் கிளையில் வெள்ளை எதுவரை ஏறியிருக்கிறது என்று நான் விரலால் காட்டிக்கொண்டு நின்றேன். முதல்நாள் காலையிலிருந்து அதையே பார்த்திருந்ததால் எனக்குப் பாடமாகியிருந்தது.

துண்டுகளை ஒரே வீட்டில் வைக்கக் கூடாது என்றார் அண்ணை. சிலதை எங்களிடம் விட்டார், சிலதைத் தான் எடுத்தார். ஒன்றை, பவளம் வளர்ப்பவர்களின் இணையக் குழுவில் மட்டும் தெரிந்த ஒரு பிள்ளையிடம் கொடுக்கச் சொன்னார். வெக்ஸ்போர்ட்டில் ஓர் அடுக்குமாடியில் இருக்கிறவள். இவர் அன்றைக்கே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார்.

எங்கள் துண்டுகள் ஒவ்வொன்றாக வெளுத்தன. பார்க்டேலிலும் அதே கதைதான். அண்ணை அதைத் தொலைபேசியில் சொன்னபோது, சந்தையில் கத்தரிக்காய் விலை சொல்வதுபோலச் சொன்னார். இவர் ஒரு கிழமை தொட்டிப் பக்கமே போகவில்லை. தொட்டியில் மிஞ்சிய மீன்களுக்கு நான்தான் தீன் போட்டேன்.

இளவேனிலில் வெக்ஸ்போர்ட் பிள்ளை அண்ணைக்கு ஒரு படம் அனுப்பினாள். அவளிடம் போன துண்டு உயிரோடு இருந்தது. அடுத்த ஞாயிறு மூவரும் எங்கள் காரில் போனோம். அண்ணையின் மடியில் மூடி போட்ட சின்னப் பெட்டி ஒன்று இருந்தது. உள்ளே சூடு ஆறாமல் சுற்றத் துவாயும் வைத்திருந்தார். எதற்கென்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். இப்போது அவருடைய தொட்டியும் நன்றாகப் பழகியிருந்தது.

யன்னலோரம் சின்னத் தொட்டி. விரல் நீளத்தில் எங்கள் பவளம். ஆனால் எங்களிடம் பச்சையாக இருந்தது, அங்கே நுனியெல்லாம் ஊதா. விளக்கு வேறென்றால் நிறமும் வேறாகுமாம். அப்படியென்றால் இதன் சொந்த நிறம்தான் எது என்று எனக்குள் கேள்வி முளைத்தது. என் கணவர் வாய் திறந்து முதலில் கேட்டது உப்பின் அளவை. மனிதர் திருந்துகிற பாடில்லை.

அண்ணைக்கு எண் தேவைப்படவில்லை. கண்ணாடியில் மூச்சுப் படுகிற அளவுக்குக் கிட்டப் போய்ப் பார்த்தார். அந்தப் பிள்ளை பவளம் வெட்டுகிற கத்தரியோடு வந்தாள்.

"அங்கிள், இப்பவே ஒரு பீஸ் கட் பண்ணித் தாறன். இட்ஸ் யுவர்ஸ் எனிவே."

"வேண்டாம் பிள்ளை," என்றார் அவர். "இப்பத்தான் அடி பிடிச்சிருக்கு. வெட்டினால் பின்னுக்குப் போயிடும். இன்னும் ஒரு வருசம் இருக்கட்டும்."

அவள் தேத்தண்ணீர் போட்டுத் தந்தாள். குடித்துவிட்டுப் புறப்பட்டோம். காரில் ஏறியதும் அண்ணை வெறும் பெட்டியை மறுபடி மடியில் வைத்துக்கொண்டார். ஒரு வருடம் என்பது அவருடைய வயதில் சும்மா சொல்கிற கணக்கா? ஒரு சின்ன நுனியையாவது எடுத்திருக்கலாமே என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன்.

அவர் பெட்டியைத் திறந்து, உள்ளே இருந்த துவாயை மடித்து வைத்தார்.

"அந்தப் பிள்ளை கத்தரியோட வந்து நிண்டதும் எனக்குச் சரியான ஆசை வந்திட்டுது தங்கச்சி," என்றார். "அதுதான் வேண்டாமெண்டு சொன்னனான்."