ஐந்தாவது அரை டொலர்

சித்தியின் நிச்சயதார்த்தம் முறிவதற்கு முன், லண்டன் வால்தம்ஸ்டோவில் நான் படித்த பள்ளியின் நாணயச் சேகரிப்போர் கழகத்துக்கு நானே செயலாளர். பத்து வயதில் அப்பதவியை வகித்தவர் எனக்கு முன் எவருமில்லை. பிறர் பொருளில் நான் கைவைத்ததாக அதுவரை ஒரு சொல்லும் எழுந்ததில்லை.

அமெரிக்காவிலிருந்து வந்த மாப்பிள்ளை எனக்கு ஐந்து வெள்ளி அரை டொலர்கள் தந்தார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெளியானவை. உதிக்கும் சூரியனை நோக்கி ஒரு பெண் நடந்துபோகும் உருவம் பொறித்தவை. நான்கு பளபளத்தன. ஐந்தாவது, உருவமும் ஆண்டும் தேய்ந்து, சேகரிப்பாளர் எவரும் மதிக்காத ஒன்று.

சில மாதங்களில், சீதனப் பேச்சில் கலியாணம் குழம்பியது. வாங்கியவற்றைத் திருப்பிக் கொடுப்பதே முறை என்று சேலையும் மோதிரமும் தட்டில் ஏறின. என் நாணயங்களையும் வைக்கும்படி அப்பா உத்தரவிட்டார். பெண்ணுக்குத் தந்தது வேறு, எனக்குத் தந்தது வேறு என்று வாதிட்டேன். வழக்கறிஞரான அவருக்கு அந்த வேறுபாடு ஏன் புலப்படவில்லை என்பது இன்றும் எனக்கு விளங்கவில்லை.

நாணயங்களை எடுக்க மாடிக்குப் போனபோது சித்தி பின்னால் வந்தார்.

"தம்பி, ஒண்டை எனக்குத் தாறியே?"

பளபளப்பானதை நீட்டினேன். அவர் தேய்ந்ததைத் தொட்டார். அது ஒன்றுக்கும் உதவாது, ஆண்டே தெரியவில்லை என்று செயலாளருக்குரிய பொறுப்போடு எடுத்துரைத்தேன்.

"ஓம், தெரியும். அவர் எந்த நேரமும் சட்டைப் பையிலை வைச்சுத் திரிஞ்சது இதைத்தான். ஒருத்தருக்கும் சொல்லாதை."

கொடுத்தேன். தட்டில் நான்கே போயின. ஒன்று குறைகிறது என்று மாப்பிள்ளை வீட்டார் சொல்லியனுப்ப, அப்பா என்னை உறவினர் நடுவே நிறுத்தி விசாரித்தார். நான் வாய் திறக்கவில்லை. சித்தி தலை நிமிரவில்லை.

பின்னர் அவர் வேறொருவரை மணந்து, இல்ஃபோர்டில் குறைவின்றி வாழ்ந்து, சென்ற ஆண்டு காலமானார். அவர் இருந்தவரை மௌனம் காத்தேன். ஆனால் சென்ற மாதம் ரெய்னர்ஸ் லேனில் ஒரு திருமண விருந்தில், பெரியப்பாவின் மகன், என் பேரப்பிள்ளைகளை அருகே அழைத்து, "உங்கட அப்பப்பா சின்னனிலை வெள்ளிக்காசுக் கள்ளன், தெரியுமே?" என்றார். மேசை முழுவதும் சிரித்தது. படித்த குடும்பத்துக்கு இதுவா விருந்துப் பேச்சு?

நல்ல நான்கை விட்டுத் தேய்ந்ததைக் கேட்ட சித்திக்கு நாணய அறிவு போதாது என்றே அன்று நினைத்தேன். அந்த வயதில் எனக்கு வேறொன்றும் தோன்றவில்லை.

அது களவு அன்று. நாணயம் என்னுடையது. கேட்டவருக்குக் கொடுத்தேன்.