சுவரொட்டியின் அடிவரி

போன வாரம் பாலக்கரைப் பக்கம் படத்துக்குக் கண்ணாடி போடும் கடைக்கு மகன் என்னைக் கூட்டிப் போனான். உள்ளே நுழைந்ததுமே பசை வாசனை. மைதாவைக் காய்ச்சினால் வருமே, அது. அந்த வாசனை வந்தால் இன்றைக்கும் முந்தானையால் மூக்கை மூடிக்கொள்வேன். ஏன் என்று சொல்கிறேன்.

கொண்டுபோனது ஒரு பழைய நாடகச் சுவரொட்டி. மாதா கோயில் திருவிழாவுக்கு எங்கள் தெரு ஆட்கள் போட்ட நாடகம். ராஜாவாக நடித்தவர் என் வீட்டுக்காரர். அவர் போய்ச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகிறது. பெரிய எழுத்தில் அவர் பேர் இருப்பதைப் பேரப்பிள்ளைகள் பார்க்க வேண்டும் என்று மகனுக்கு ஆசை.

கடைக்காரர் தாளை விரித்து, அடியில் இரும்பு ஸ்கேலை வைத்துக் கத்தியை எடுத்தார். "கண்ணாடி இந்த அளவுலதான் இருக்குது. கீழ ரெண்டு வெரலு வெட்டிடலாங்களா? நைஞ்சுதான் கெடக்குது."

"வெட்டிடுங்க. அப்பா பேரு மேலதான இருக்குது" என்றான் மகன்.

நாலு பேர் இருக்கிற இடத்தில் வாய் திறக்காத ஜென்மம் நான். ஊர் வந்துவிட்டது என்று கண்டக்டரிடம் சொல்லக் கூச்சப்பட்டு, அடுத்த ஊரில் இறங்கி நடந்து வந்தவள்.

அந்த இரண்டு விரலில் இருந்தது என் பேர்.

நாடகம் போட்ட காலத்தில் நானும் வீட்டுக்காரரும் பீங்கான் பொம்மை வேலைக்குப் போய்க்கொண்டிருந்தோம். நாடகத்துக்கு நகை வாங்க வழியில்லை. பொம்மைக் களிமண்ணிலேயே கிரீடத்துக்குக் கல்லும் ஆரத்துக்கு மணியும் உருட்டி, மெருகு பூசி, சூளையில் பொம்மைகளுக்கு நடுவே வைத்துச் சுட்டேன். நன்றாகத்தான் மின்னியது. கனம்தான் அதிகம். கடைசிவரை ராஜா கழுத்தைத் திருப்பவே இல்லை. என்ன மிடுக்கு என்று சனங்கள் பேசிக்கொண்டார்கள்.

அதற்கு முன்னாலேயே வினை வந்துவிட்டது. என்னைக் கேட்காமலே அவர் அச்சாபீஸில் கடைசி வரியாக 'அணிகலன்: ஆரோக்கியமேரி' என்று கொடுத்திருந்தார். பஸ் ஸ்டாண்டு சுவரில் அதை எழுத்துக் கூட்டிப் படித்தேன். அஞ்சாம் வகுப்புப் படிப்பு அன்றைக்குத்தான் உதவியது. சந்தோஷப்படுவதற்குள் மாமியார் காதுக்குச் செய்தி போய்விட்டது. அடுப்படியிலிருந்தே அதட்டினார்.

"எம்மவன் பேரு இருக்குது, போதாதா? வூட்டுப் பொம்பள பேர செவுத்துல ஒட்டுனா மாடு வந்து நக்கும். அதுக்குத்தான் ஆசைப்பட்டியா?"

மாமனார் தன் மகனிடம் ஒரு பழந்துணியையும் தண்ணீர் வாளியையும் கொடுத்தார். உச்சி வெயிலில் என் வீட்டுக்காரர் சைக்கிளில் சுவர் சுவராகப் போய், அடிவரியை மட்டும் நனைத்து நனைத்துக் கிழித்தார். திரும்பி வந்தபோது நகக்கண்ணெல்லாம் பசை. என் முகத்தைப் பார்க்கவில்லை. ஒட்டாமல் மீந்த ஒன்றை மடித்து என் டிரங்குப் பெட்டியின் அடியில் வைத்தார். அதைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. எப்படிக் கேட்பது, சொல்லுங்கள்.

கடையில் கத்தி தாளைத் தொட்டுவிட்டது. ஓரத்தில் ஒரு கீறலும் விழுந்தது. எப்படிச் செய்தேனோ தெரியாது, உள்ளங்கையை அந்த வரிமேல் வைத்துவிட்டேன். கடைக்காரர் பதறிக் கத்தியை இழுத்துக்கொண்டார்.

"வெட்டாதீங்க தம்பி. அது எம்பேரு."

மகன் குனிந்து படித்தான். இரண்டு தரம் படித்தான். "ஏம்மா இத்தன வருசம் சொல்லல?" என்றான். நான் சுவரில் மாட்டியிருந்த சாமி படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெரிய கண்ணாடியாகவே போடச் சொல்லிவிட்டான்.

இப்போது அது கூடத்தில் தொங்குகிறது. நாடகம் போட்டவர்களில் ஒருவரும் இல்லை. மாமனார், மாமியார், இவர், மூவரும் கல்லறைத் தோட்டத்தில் ஒரே வரிசையில் இருக்கிறார்கள். காலையில் கூட்டும்போது அதன் முன் நிற்கத் தோன்றும். நிற்பதற்கு முன்னால் கண் தானாக அடுப்படிப் பக்கம் போய் வருகிறது. அதட்ட அங்கே யாரும் இல்லை.