வெள்ளி பூசிய ஹெல்மெட்

செந்தூல் ரயில்வே பட்டறையில் இரும்படித்த இராமலிங்கத்துக்குக் கைதான் முந்தும், வாய் பிறகுதான். வெளியே யார் யாரோ பல்லை இழந்திருக்கிறார்கள். வீட்டில் அந்தக் கை மகன் ஜெயராஜ் மேல் இறங்கும். 1979இல், கேட்காமல் மோட்டர் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிள்ளானுக்குப் போய் வந்த பதினேழு வயதுப் பையனை வாசலிலேயே பிடித்தார். அவன் கழற்றிய ஹெல்மெட்டாலேயே இடது காதில் மூன்று அடி. மூன்றாவது அடியில் ஹெல்மெட்டின் நெற்றிப் பக்கம் விரிசல் விட்டது. காதிலிருந்து இரத்தம் காலருக்குள் இறங்கியது.

"மோட்டர்லேர்ந்து விழுந்துட்டேன்னு டாக்டர்கிட்ட சொல்லு."

சொன்னான். அந்தக் காது அதோடு செத்தது. மறு மாதம் அவன் வீட்டை விட்டுப் போனான்.

ஏழு வருடம் கழித்து, பிரிக்பீல்ட்ஸ் மண்டபம் ஒன்றில் பாலன் என்பவர் தொலைக்காட்சிக்கு விண்வெளித் தொடர் எடுத்தார். கோயில் நாடகங்களில் நடித்துப் பழகிய இராமலிங்கத்துக்கு அதில் சின்ன வேடம். வேறு கிரகத்தில் தொலைந்துபோன மகனோடு ரேடியோவில் பேசும் அப்பா. ஜெயராஜ் எங்கிருந்தாவது பார்ப்பான், மனம் இளகி வீடு திரும்புவான் என்றுதான் ஒப்புக்கொண்டார்.

மகனின் குரலைப் பின்னால்தான் சேர்ப்பார்கள். படம்பிடிக்கும்போது நாற்காலியில் விண்வெளித் தொப்பி ஒன்றை வைத்து, அதனோடு பேச வேண்டும்.

"தொப்பிக்கு எங்கண்ணே போறது?" என்றார் பாலன்.

"வீட்டுல பழைய ஹெல்மெட் கெடக்கு, கொண்டாறேன்."

வெள்ளி பெயிண்ட் அடித்தும் விரிசல் மறையவில்லை. அதைப் பார்த்து, "சாப்பிட்டியாப்பா?" என்று கேட்கும்போது அவருக்குக் கண் தானாக நிறைந்தது. பார்த்தவர்களும் அழுதார்கள்.

ஜெயராஜ் அப்போது கிள்ளானில் லோரி ஓட்டிக்கொண்டிருந்தான். சாப்பாட்டுக் கடை டிவியில் அந்த விரிசலைப் பார்த்தான். பக்கத்து மேசைக்காரர், "அப்பான்னா இப்படி இருக்கணும்லா" என்றாராம். அவன் சோற்றிலேயே கை கழுவினான்.

விசாரித்துக்கொண்டு, அடுத்த படப்பிடிப்பு நாளில் மண்டபத்துக்குள் வந்து நின்றான்.

"யாரு வேணும் பாஸ்?" என்றார் பாலன்.

"இந்த நல்ல அப்பாதான்."

இராமலிங்கம் எழுந்தார். ஏழு வருடமாக யோசித்து வைத்த ஒன்றும் நினைவில் வரவில்லை. பழகிய வசனம்தான் வந்தது. "சாப்பிட்டியாப்பா?"

"என்கிட்ட ஒருநாள் கேட்டிருக்கியா? ஊருக்குக் காட்ட இதான் கெடச்சிச்சா?"

நாற்காலியிலிருந்த ஹெல்மெட்டை எடுத்து அப்பாவின் முகத்தில் ஓங்கி அடித்தான். முதல் அடியில் இரண்டு பல் தெறித்தது. தடுக்க வந்த பாலன் தொடருக்காகச் செய்து வைத்த பலகை ராக்கெட்டின் மேல் விழ, அது சரிந்தது. இரண்டாவது அடி இடது காதில். இராமலிங்கத்தின் வலது கை முஷ்டி மடக்கி எழுந்தது. அதை இடது கையால் இறுகப் பிடித்துக்கொண்டார்.

"ரெண்டுதான் ஆச்சு," என்றார், இரத்தத்தைத் துப்பி. "அன்னிக்கி மூணு."

மூன்றாவதையும் ஜெயராஜ் அடித்தான். ஹெல்மெட் இரண்டாகப் பிளந்தது. பிறகு அவனே அவரைத் தூக்கி லோரியில் போட்டு மருத்துவமனைக்குக் கொண்டுபோனான். எப்படி ஆயிற்று என்று டாக்டர் கேட்டார்.

"மோட்டர்லேர்ந்து விழுந்துட்டேன்," என்றார் இராமலிங்கம். கதவருகே நின்ற ஜெயராஜ் தரையைப் பார்த்தான்.

இடது காதை மூடிக் கட்டுப் போட்டு வீட்டுக்குத் திரும்பும் வழியில், ஓட்டுகிறவனின் இடப்பக்கம் உட்கார்ந்து, வீங்கிய வாயால் செந்தூல் வரை பேசிக்கொண்டே வந்தார். மகனின் கேட்காத காதுதான் தன் பக்கம் இருக்கிறது என்று தெரிந்துதான், ஏழு வருடமாக யோசித்து வைத்த அத்தனையும் சொன்னார்.

வாசலில் லோரி நின்றது. ஜெயராஜ் இயந்திரத்தை நிறுத்தவில்லை.

"இறங்கு," என்றான், முன்னால் பார்த்தபடி.

இராமலிங்கத்துக்கு வலது காது நன்றாகக் கேட்டது.